செஞ்சிக்கு ஒரு நாள் போதுமா? தண்ணீரைத் தேடிப் போனால் போதும்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கடலூர்க்காரர், புதுச்சேரியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். இரண்டு நண்பர்களோடு பஸ்ஸில் போய், ஒரே நாளில் செஞ்சிக் கோட்டையையும் ஊரையும் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும். வந்ததும் பத்துப் பக்கத்துக்கு அறிக்கை எழுத வேண்டும். ஏற்கெனவே போய்வந்த சீனியர்களோ, "மூச்சு வாங்குற மலை, இடிஞ்ச சுவரு, கொரங்கு, வேற ஒண்ணும் கெடையாது" என்று சொல்லியிருக்கிறார்கள். பஸ் நேரத்தையும் வழியையும் கேட்டிருந்தாலும், உங்களை உறுத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று படுகிறது. ஏறி, போட்டோ எடுத்து, இறங்கி வருவதைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது, எதை நம்பி எழுதலாம் என்பதுதானே கேள்வி? அதற்கே அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

நான் கடலூரில் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இருபது வருஷத்துக்கும் மேலாக, பொங்கல் கழிந்து மாசி முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை பார்த்து, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைச் செஞ்சிக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். தொல்லியல் படித்தவன் இல்லை, கல்வெட்டை நேரே நின்று படிக்கவும் தெரியாது. ஆகவே எந்தக் கட்டடம் எந்தக் காலத்தது என்று நான் சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. வழி, வெயில், தண்ணீர், எந்த இடத்தில் கால் சோரும் என்பதெல்லாம் நடந்து தெரிந்துகொண்டது. இரண்டையும் கலக்காமல் சொல்கிறேன்.

ஒரு நாள் போதும், ஒரே ஒரு மலை ஏறினால். செஞ்சிக் கோட்டை என்பது ஒரு மலை இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள் முக்கோணமாக நிற்க, மூன்றையும் இணைத்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர் சுற்றளவுக்கு மதில் ஓடுகிறது. சில இடங்களில் மதிலின் கனம் மட்டும் 60 அடி. இதை ஒரே நாளில் முழுக்கப் பார்க்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் எதையும் பார்க்காமல் திரும்புவார்கள். சந்திரகிரியை விட்டுவிடுங்கள், முள்ளும் புதருமாக இருக்கும். ராஜகிரியா கிருஷ்ணகிரியா என்றால், வரலாறு படிக்கிற பிள்ளைக்கு ராஜகிரிதான். கூட வருகிறவர்களில் யாருக்காவது முழங்கால் வலியோ மூச்சிரைப்போ இருந்தால் கிருஷ்ணகிரி. அது உயரம் குறைவு. மேலே தானியக் களஞ்சியமும், எண்ணெய் சேர்த்துவைத்த தொட்டிகளும், காற்று வாங்கும் ஒரு கூம்பு மண்டபமும் இருப்பதால் ஏறின பலன் கிடைத்துவிடும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நெட்டையாக நிற்கிற கருங்கல் தூண்களைத் தினமும் பார்த்திருப்பீர்கள். ஐஸ்க்ரீம் சாப்பிட்டுக்கொண்டே அதில் சாய்ந்தும் இருப்பீர்கள். அவை செஞ்சித் தூண்கள். 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஒரே ராத்திரியில் செஞ்சியைப் பிடித்தது. 1761 வரை கோட்டை அவர்கள் கையில் இருந்தது. கீழ்க்கோட்டையில் உள்ள வெங்கடரமணர் கோவிலின் தூண்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். ஒரு தூணில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். உப்புக் காற்று பட்டுப் பட்டுச் சில இடங்களில் கல் சொரசொரத்துச் சிற்பத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும். மறுநாள் அதே கோவிலுக்குள் நிற்கும்போது, உப்புக்காற்று படாத கல் எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரியும். என் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் செஞ்சி புரிந்தது இந்தத் தூணில்தான். கோட்டையின் கிழக்கு வாசலுக்குப் பெயரே புதுச்சேரி வாசல்.

கடலூர்க்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊருக்கும் செஞ்சிக்கும் இதைவிட நெருக்கமான ஒரு கணக்கு உண்டு. 1690ல் மராட்டிய அரசர் ராஜாராம் செஞ்சியில் இருந்தபோது, தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றார். மொகலாயப் படை மேலே வந்துகொண்டிருந்த நேரம், அவருக்குப் பணம் வேண்டியிருந்தது. கோட்டையோடு எவ்வளவு நிலம் என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தில் எழுதிய விடை வேடிக்கையானது: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு. நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி என்று நாம் இன்றைக்கும் பஸ்ஸில் கேட்டு இறங்குகிறோமே, அந்தக் 'குண்டு' அதுதான். தேவனாம்பட்டினத்துக் கோட்டை பிறகு புனித டேவிட் கோட்டை ஆயிற்று. உங்கள் அறிக்கையை இங்கிருந்து தொடங்கினால், திருத்துகிறவர் முதல் பக்கத்திலேயே நிமிர்ந்து உட்காருவார்.

வழிக்கு வருவோம். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர், அங்கிருந்து செஞ்சி 28. மொத்தம் எழுபதை ஒட்டி வரும், இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் ஏறலாம். ஆனால் நடத்துநரிடம் "செஞ்சி வழியா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள், விழுப்புரம், திருக்கோவிலூர் வழியாகப் போகிற வண்டிகளும் உண்டு. நேரடி வண்டி கிடைக்காவிட்டால் திண்டிவனத்தில் மாறினால் போதும். கடலூர் வீட்டிலிருந்தே கிளம்புவதானால் விழுப்புரம் போய்ச் செஞ்சி வண்டி பிடிப்பது சுலபம். செஞ்சிக்கு ரயில் கிடையாது. நேர அட்டவணை நான் சொன்னால் நாளைக்கே மாறிவிடும், பஸ் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் மாறாது: பௌர்ணமி அன்றைக்கும் அமாவாசை அன்றைக்கும் போகாதீர்கள். பௌர்ணமியில் அந்த வழி வண்டியெல்லாம் திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிற கூட்டம். அமாவாசையில் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகிற கூட்டம். திரும்பும்போது நிற்கக்கூட இடம் கிடைக்காது. மாதம் என்றால் தை, மாசி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறைப் படி வழுக்கும். சித்திரை, வைகாசியில் அந்தக் கருங்கல் மலை அடுப்பில் வைத்த தோசைக்கல்.

காலை ஆறு மணிக்கு முன்னால் வண்டியில் உட்கார்ந்துவிட்டால், செஞ்சியில் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு, கோட்டை வாசல் திறக்கிற நேரத்துக்கு நிற்கலாம். கோட்டை ஊரைத் தாண்டி மேற்கே, திருவண்ணாமலைச் சாலையில் இருக்கிறது. சாலையே இரண்டு மலைகளுக்கு நடுவில்தான் போகிறது. நடக்கலாம், ஆட்டோவும் உண்டு. நுழைவுச் சீட்டு வாங்கியதும் எல்லாரும் நேரே முதல் கட்டடத்துக்குப் போய் நிற்பார்கள். நீங்கள் நிற்காதீர்கள். கீழ்க்கோட்டை எங்கேயும் ஓடிப்போகாது, வெயில்தான் ஏறிவிடும். நேரே ராஜகிரிப் படிக்கு நடங்கள். மதியத்துக்கு மேல் குறிப்பிட்ட நேரம் தாண்டினால் மேலே விடவும் மாட்டார்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு வருஷம் நாங்கள் ஏற்பாடு செய்திருந்த வேன் வழியில் பழுதாகி, பதினொன்றரை மணிக்குத்தான் படி மிதித்தோம். திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து ஏற விட்டேன். பாதி வழியில் ஒரு பையன் பேச்சே இல்லாமல் சுவரோரம் உட்கார்ந்தான். உதடு வெளுத்துப்போயிருந்தது. அவன் பையில் இருந்தது அரை லிட்டர் பாட்டில் ஒன்று, அதுவும் காலி. நிழலில் படுக்கவைத்து, மற்ற பிள்ளைகளின் தண்ணீரில் முகம் கழுத்தெல்லாம் நனைத்து, உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தபிறகுதான் கண் திறந்தான். அன்றைக்கு அந்தப் படியில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில்தான் எனக்கே ஒன்று உறைத்தது. நூற்றுக்கணக்கான வருஷம் இந்த மலையில் ஆயிரக்கணக்கான ஆட்கள் இருந்திருக்கிறார்கள், யானையும் குதிரையும் இருந்திருக்கின்றன. முற்றுகையின்போது வெளியே போகவும் முடியாது. அவர்கள் எதைக் குடித்தார்கள்? அதுவரை அரசர் பெயர்களாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த கோட்டையை அதற்குப் பிறகு தண்ணீராகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டுபோங்கள், மேலே கடை கிடையாது. பாட்டிலைக் கையில் பிடிக்காமல் பைக்குள் போட்டு ஜிப்பை மூடுங்கள். குரங்கு பிடுங்குவது பசியில் மட்டுமல்ல, பழக்கத்திலும்தான். பிஸ்கட் பாக்கெட்டின் காகிதச் சத்தத்துக்கே நாலு வந்துவிடும்.

ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். நிதானமாக ஏறினால் ஒரு மணி, ஒன்றே கால் மணி நேரம். வழியில் கமலக்கண்ணியம்மன் கோவில் வரும். கோட்டைக்கு முன்னாலிருந்தே இந்த மலை அவளுடையது என்பது ஊரார் நம்பிக்கை, அங்கே கொஞ்சம் உட்காருங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்து, ஏறக்குறைய 24 அடி அகலத்துக்கும் 60 அடி ஆழத்துக்கும் ஒரு வெட்டு இருக்கிறது. அதன்மேல் ஒரு பாலம். முன்பு மரப்பாலமாக இருந்திருக்கிறது. இழுத்துவிட்டால் உச்சிக்கோட்டை தனித் தீவு, பத்துப் பதினைந்து பேர் நின்றால் ஒரு படையையே நிறுத்தலாம். பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தால் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உச்சியில் ரங்கநாதர் கோவில், களஞ்சியம், மணிக்கூண்டு, ஒரு பெரிய பீரங்கி. அங்கிருந்து நாலு திசையும் பாருங்கள். ஆனால் தூரத்தைப் பார்ப்பதற்கு முன் நேர் கீழே பாருங்கள். பச்சைச் சதுரங்களாக, கண்ணாடித் துண்டுகளாகத் தெரிவதெல்லாம் குளங்கள். எத்தனை என்று மேலேயிருந்தே எண்ணி, ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு இறங்குங்கள். அதுதான் மத்தியானத்துக்கு உங்கள் வரைபடம்.

கீழே வந்ததும் ஆனைக்குளம், செட்டிக்குளம், சக்கரக்குளம் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போங்கள். மலைச் சரிவில் பெய்கிற மழை எந்த வழியாக இறங்கி எதில் சேர்கிறது என்று பாறையின் மேல் உள்ள கறுப்புத் தாரைகளை வைத்தே சொல்லிவிடலாம். இந்தப் பகுதிக்கு மழை என்பது முக்கியமாக ஐப்பசி, கார்த்திகை. அதைப் பிடித்து வருஷம் முழுக்க வைத்திருக்க வேண்டும். அப்புறம் கல்யாண மகால். சதுர முற்றத்தின் நடுவே கூம்பிப் போகும் பல மாடிக் கட்டடம், செஞ்சி என்றால் எல்லாரும் போடுகிற படம் அதுதான். கட்டடக் கலையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், படித்துக்கொள்ளலாம். நீங்கள் பார்க்க வேண்டியது, வெளியே இருந்த குளத்துத் தண்ணீரைச் சுட்டமண் குழாய் வழியாக மேல்மாடிகள் வரை கொண்டுபோயிருக்கிறார்கள் என்பதை. இயந்திரம் எதுவும் வேண்டாம். குளம் உயரத்தில் இருந்து, குழாய் ஒழுகாமல் இருந்தால், தண்ணீர் தன் மட்டத்தைத் தேடித் தானே ஏறும். பள்ளியில் யு வடிவக் குழாய் வைத்துக் காட்டுவார்களே, அதே கதைதான். ஒழுகாத மூட்டு போடத் தெரிந்த குயவனும் கொத்தனும்தான் அங்கே பெரிய ஆட்கள், அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை.

இனி உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். எதை உறுதியாக எழுதலாம், எதை "மரபு" என்று சொல்லி எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கோட்டையை முதலில் கட்டியவர் ஆனந்தக் கோன், காலம் 1200ஐ ஒட்டி என்பதும், கிருஷ்ணகிரி கிருஷ்ணக் கோனின் பெயரால் வந்தது என்பதும் மரபு. இது பிற்காலத்தில் எழுதப்பட்டு, ஆங்கிலேயக் கம்பெனி அதிகாரி மெக்கன்சி திரட்டிய சுவடிகள் வழியாக நமக்கு வந்தது. அந்தக் காலத்துக் கல்வெட்டுச் சான்றாக எழுதிவிடாதீர்கள். பொய் என்றும் எழுதிவிடாதீர்கள். ஆடு மேய்த்த குடியிலிருந்து வந்தவர்கள் மலையின் மடிப்பும் சுனையும் தெரிந்து கோட்டை கட்டினார்கள் என்பது நம்பக்கூடாத சங்கதி இல்லை. விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் ஆண்டதும், இன்று நாம் பார்க்கும் கட்டடங்களில் பெரும்பகுதி அவர்கள் காலத்தது என்பதும் உறுதி. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த பிமென்டா என்ற ஏசு சபைப் பாதிரியார், தான் இந்தியாவில் பார்த்த நகரங்களில் இதுவே பெரியது, போர்ச்சுக்கலில் லிஸ்பன் தவிர வேறெந்த நகரமும் இவ்வளவு பெரிதில்லை என்கிற பொருளில் எழுதிவைத்திருக்கிறார். அப்போது ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். 1649ஐ ஒட்டிப் பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது, 1677ல் சிவாஜி பிடித்தார். சிவாஜி வந்த மறுவருஷமே ஆந்த்ரே ஃப்ரைரே என்ற இன்னொரு பாதிரியார் எழுதிய கடிதம் இருக்கிறது. புது மதில் எழுப்பினார், அகழி வெட்டினார், கொத்தளம் கட்டினார், நீர்நிலைகள் அமைத்தார், ஐரோப்பியரே குறை சொல்ல முடியாத வேலை என்கிறார். நீர்நிலைகள் என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள். "இந்தியாவிலேயே வெல்ல முடியாத கோட்டை" என்று சிவாஜி சொன்னதாக ஒரு வரி எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அதை அவர் வாய்மொழியாக மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள். இந்தக் கடிதம் அதைவிடப் பத்து மடங்கு வலுவான சான்று.

மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690ல் முற்றுகை போட்டு, 1698 தொடக்கத்தில்தான் கோட்டையைப் பிடித்தார். அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். இது உறுதி. ஏன் அத்தனை வருஷம் ஆயிற்று என்பதில்தான் யோசிக்க வேண்டும். சுவரும் தண்ணீரும் காரணம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் முற்றுகை எப்போதும் இறுக்கமாக இருக்கவில்லை. மராட்டியக் குதிரைப்படை வெளியிலிருந்து வந்து வந்து தாக்கியது. மொகலாய முகாமிலேயே சண்டை, ஔரங்கசீப்பின் மகன் காம் பக்‌ஷையே தளபதிகள் காவலில் வைத்தார்கள். சுல்பிகார் கான் உள்ளூர ராஜாராமோடு பேசிக்கொண்டு வேண்டுமென்றே இழுத்தார் என்ற சந்தேகம் அப்போதே இருந்தது. இதையெல்லாம் எழுதாமல் "எட்டு வருஷம் தாக்குப்பிடித்த கோட்டை" என்று மட்டும் எழுதினால் பாதி உண்மை. அதே சமயம், எதிரி எவ்வளவு அசட்டையாக இருந்தாலும், உள்ளே தண்ணீர் தீர்ந்திருந்தால் எட்டு மாதம்கூட ஓடியிருக்காது. இது என் கருத்து, கருத்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தேசிங்கு ராஜா கதையை நீங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டிருப்பீர்கள், கூத்தில் பார்த்திருப்பீர்கள். நடந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது சுருக்கம்தான். மொகலாயரிடமிருந்து செஞ்சியைப் பெற்றவர் சரூப் சிங், வடநாட்டுப் பந்தேலா ராஜபுத்திரர். அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங் வந்தார். அந்தப் பெயர்தான் தமிழ் வாயில் தேசிங்கு ஆயிற்று. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கிப் பணம் கேட்டார், இவர் மறுத்தார், 1714ல் நடந்த சண்டையில் இறந்தார். வயது இருபத்திரண்டு என்பார்கள். குதிரை ஆற்றைத் தாண்டியது, சிநேகிதன் மாப்பிள்ளைக் கோலத்தோடு போர்க்களத்துக்கு வந்து உயிரைக் கொடுத்தது, மனைவி உடன்கட்டை ஏறியது, ராணிப்பேட்டை என்ற பெயர் அவளால் வந்தது என்பதெல்லாம் கதைப்பாட்டும் ஊர்வழக்கும். அறிக்கையில் இதை வெட்டிவிட வேண்டாம், தனிப் பத்தியாக எழுதுங்கள். வரிபாக்கித் தகராறு ஒன்றில் பத்து மாதம்கூட ஆளாத ஒரு வடநாட்டு இளைஞனை இந்த ஊர் மூன்று நூற்றாண்டாகத் தன் பிள்ளையாக வைத்துப் பாடுகிறது. அந்தக் கதையில் அவனுக்காகச் சாகிற சிநேகிதன் ஒரு முஸ்லிம். இதுவும் வரலாறுதான், வேறு வகை வரலாறு. வென்ற நவாபின் பெயரால் ஒரு பள்ளிவாசல் கீழ்க்கோட்டையில் இருக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளித்தான் வெங்கடரமணர் கோவில். கோவில் வாசல் சுவரில் ராமாயணக் காட்சிகளையும் பாற்கடல் கடைவதையும் பாருங்கள். அங்கேதான் கடற்கரைத் தூண் ஞாபகம் வர வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் பதினோரு வருஷம் இங்கே இருந்தார்கள். இந்த இடம் உடம்புக்கு ஆகாமல் அவர்கள் ஆட்கள் ஏராளமாகச் செத்தார்கள் என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதியிருக்கிறார். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது, ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கடைசியாக, 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்ததே, அது "மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்" என்ற தொகுப்பில் 12 கோட்டைகளில் ஒன்றாக. மற்ற 11ம் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பெருமைதான். ஆனால் மராட்டியர் இங்கே இருந்தது இருபது வருஷத்தைச் சற்றே தாண்டும், அதற்கு முன்னும் பின்னும் இருந்தவர்களை உங்கள் அறிக்கை விட்டுவிடக் கூடாது.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு மேல் ஊருக்குள் வந்து சாப்பிடுங்கள். ஊரில் பார்க்க என்ன என்றால், கண்காட்சி போல ஒன்றும் இல்லை. வேலை செய்கிற ஊர். நெல் மூட்டைகள் வந்து இறங்குகிற ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, வெள்ளிக்கிழமை வாரச் சந்தை. ஆட்டுச் சந்தை பார்க்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமை விடியும்போதே நிற்க வேண்டும். தீபாவளி, பக்ரீத்துக்கு முந்தின வாரம் என்றால் கூட்டம் சாலை வரை வரும். கோன்கள் கட்டிய கோட்டை என்று மரபு சொல்கிற ஊரில் இன்றைக்கும் ஆடுதான் பெரிய வியாபாரம் என்பதை நான் ஆதாரமாகச் சொல்லவில்லை, பார்க்க நன்றாக இருக்கும் என்று சொல்கிறேன்.

மூன்று மணிக்கு மேல் ஒரு ஆட்டோ பேசிக்கொண்டு சிங்கவரம் பக்கம் போங்கள், சில கிலோமீட்டர்தான். போகிற வழியில் திருநாதர்குன்று. பெரும்பாலோர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், தயவுசெய்து நீங்கள் இறங்குங்கள். ஒரு பெரிய பாறையில் சமணர்கள் வணங்கும் 24 தீர்த்தங்கரர்களையும் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில், சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட இடம் இது என்று சொல்லும் கல்வெட்டு. தமிழின் பழைய எழுத்து வடிவமான வட்டெழுத்து உருவாகிவருகிற காலத்தது, தமிழ் எழுத்தின் வரலாறு படிக்கிறவர்கள் எல்லாரும் வந்து நிற்கிற கல். அங்கிருந்து பார்த்தால் கோட்டை மலைகள் தெரியும். அந்தக் கோட்டையில் முதல் கல் வைப்பதற்குப் பல நூறு வருஷம் முன்னால், இந்தப் பாறையில் ஒரு மனிதர் சோறு தண்ணீர் வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறார். மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இருக்கிறது, அது இன்னொரு நாளைக்கு. சிங்கவரத்தில் மலையைக் குடைந்து, படுத்த கோலத்தில் ரங்கநாதர், பல்லவர் காலத்துக் குடைவரை. சாயங்காலம் நடை திறக்கும் நேரம் பார்த்துப் போங்கள். தேசிங்கு போருக்குக் கும்பிட வந்தபோது பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று அர்ச்சகர் சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள். விழுப்புரம் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் எடுப்பித்தேன் என்று மகேந்திரவர்மன் கல்லில் எழுதிவைத்த குடைவரை. அதையும் இதே நாளில் நுழைக்கப் பார்க்காதீர்கள்.

ஆறு மணிக்குள் செஞ்சி பஸ் நிலையத்தில் இருந்துவிடுங்கள். புதுச்சேரிக்கு நேரடி வண்டி இல்லையென்றாலும் திண்டிவனத்துக்கு இருக்கும், அங்கிருந்து ராத்திரி வரை வண்டி உண்டு. செஞ்சியை ஒட்டி ஓடுகிற சங்கராபரணிக்குச் செஞ்சியாறு என்றும் பெயர். வீடூர் அணையைக் கடந்து, வில்லியனூர் பக்கமாக வந்து, கடலுக்குப் பக்கத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை சுண்ணாம்பாறாகப் போகிறது. விடுதிப் பிள்ளைகளோடு நீங்கள் படகு விட்ட இடத்துத் தண்ணீரும் அந்த மலைகளில் விழுந்த மழைதான்.

ஒரு உதவி. ஆனைக்குளத்தில் இறங்குகிற படிகளில், தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று பிள்ளைகளை ஒவ்வொரு வருஷமும் எண்ணச் சொல்லி, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். ஓய்வு பெற்றபிறகு அந்த நோட்டில் பக்கம் நிரம்பவில்லை, முழங்கால் விடவில்லை. நீங்கள் போகிற அன்றைக்கு எண்ணி, தேதியோடு இங்கே கீழே எழுதுங்கள்.